கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டார்தான் எடுக்கவில்லை

பல்லடத்துக்குப் பக்கத்தில் என் மாமா ஒருவர் தறிக்கொட்டாய் வைத்திருக்கிறார். பாவு, அதாவது தறியில் ஏற்றும் நீளவாக்கு நூல், அதை வாங்கிக் கூலிக்கு ஓட்டும் தறிகள். எத்தனை பாவு வந்தது, எத்தனை மீட்டர் துணி போனது, யாரிடம் எவ்வளவு கூலி நிற்கிறது, எல்லாமே மூலையில் பஞ்சு படிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு கம்ப்யூட்டரில்தான். ஒரு மாதம் 19 ஆம் தேதி ராத்திரி, அதில் விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. கரண்ட் வந்ததும் சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரை. மேல் மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. மறுநாள் 20. ஜிஎஸ்டிஆர் 3பி என்ற மாத வரிக் கணக்கைப் போட வேண்டிய கடைசி நாள்.

காலையில் முதல் வேலையாக ஒரு சர்வீஸ் கடையில் காட்டியிருக்கிறார். "ஃபார்மேட் போட்டாத்தானுங்க சரியாகும். உள்ள இருக்கறது போயிரும்" என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம்தான் எனக்குப் போன் வந்தது.

"ஏங்கண்ணு, என்ற கணக்கெல்லாம் அவ்வளவுதானா?"

"கணக்கு உள்ளேயே இருக்குதுங்க மாமா. கம்ப்யூட்டருக்கு எந்திரிக்கத்தான் தெரியல. ஒண்ணும் பண்ணாம அப்படியே வைங்க, வர்றேன்."

டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சட்டைப் பையில் 2 பென் டிரைவ் இருந்தன. அந்த இரண்டும் என்ன, வீட்டில் நீங்களே எப்படிச் செய்து வைத்துக்கொள்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் மோட்டார் போட்ட அனுபவம் இருந்தால் பாதி புரிந்த மாதிரிதான்.

தண்ணீர் எடுக்கத் தண்ணீர் வேண்டும்

இப்போது எங்கே பார்த்தாலும் சப்மெர்சிபிள் வந்துவிட்டது. அதற்கு முன்பு கிணற்று மேட்டில் மோனோபிளாக் மோட்டார்தான் உட்கார்ந்திருக்கும். குழாய் கிணற்றுக்குள் இறங்கும், அதன் அடி முனையில் ஒரு ஃபுட் வால்வு. அந்த மோட்டாரிடம் ஒரு வம்பு உண்டு. குழாய்க்குள்ளும் பம்புக்குள்ளும் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தால்தான் அது கிணற்றுத் தண்ணீரை உறிஞ்சும். ஃபுட் வால்வு ஒழுகிக் குழாய் காலியாகிவிட்டால், மோட்டார் சுற்றும், சத்தம் வரும், ஒரு சொட்டு விழாது. 'ஏர் புடிச்சிருச்சு' என்பார்கள். கிணறு நிறையத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்கும், வாய்க்கால் காய்ந்து கிடக்கும். அப்போது வெளியிலிருந்து ரெண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து மேலே ஊற்ற வேண்டும். ஊற்றியதும் பிடித்துக்கொள்ளும்.

கம்ப்யூட்டருக்கும் இந்த வம்பு இருக்கிறது. டிஸ்கில் இருக்கும் ஒரு புரோகிராமை எடுத்து ஓட்ட விண்டோஸ் வேண்டும். அந்த விண்டோஸே டிஸ்கில் இருக்கும் ஒரு புரோகிராம்தானே? அதை எடுத்து ஓட்டுவது யார்? தன் பூட்ஸ் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னையே தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு கேலிப்பேச்சு உண்டு. 'பூட்' ஆகிறது என்று நாம் சொல்லும் சொல் அங்கிருந்து வந்ததுதான். நம்மூர்க்காரர் யாராவது பெயர் வைத்திருந்தால் 'தண்ணி ஊத்தறது' என்றே வைத்திருப்பார்.

உள்ளே நடப்பது இதுதான். சுவிட்சைப் போட்டதும் மதர்போர்டில் ஒட்டியிருக்கும் ஒரு சிப்பில் எழுதிவைத்த சின்ன புரோகிராம் எழுந்திருக்கும். பழைய கம்ப்யூட்டர்களில் அதற்குப் பெயர் பயாஸ், இப்போது வருவது யூஇஎஃப்ஐ. அது ராம் இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, 'எந்த டிஸ்கிலிருந்து எழ வேண்டும்' என்று தன்னிடம் உள்ள வரிசைப் பட்டியலைப் பார்க்கும். அந்த டிஸ்கில் யூஇஎஃப்ஐக்கென்றே ஒதுக்கிய ஒரு குட்டிப் பகுதி உண்டு. விண்டோஸ் போட்ட கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் 100 எம்பிதான் இருக்கும். அதற்குள் இருக்கும் பூட் லோடர் என்ற சின்ன புரோகிராமைச் சிப் எழுப்பும், பூட் லோடர் விண்டோஸை எழுப்பும், விண்டோஸ் மற்றதை எல்லாம் எழுப்பும்.

பழைய பயாஸ் முறையில் இதைவிடக் கஞ்சத்தனம். டிஸ்கின் முதல் 512 பைட்டை மட்டும்தான் படிக்கும். யூனிகோடில் தமிழ் எழுதினால் சுமார் 170 குறிகளிலேயே அந்த இடம் தீர்ந்துவிடும். அதற்குள்தான் அடுத்த வேலையை ஆரம்பித்துவைக்கும் புரோகிராமும், டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணையும் அடங்க வேண்டும்.

ஆக, 500 ஜிபி டிஸ்கில் அந்த 100 எம்பி கெட்டுப்போனால் போதும், கம்ப்யூட்டர் எழாது. மிச்சம் இருப்பதற்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது. மாமாவின் கம்ப்யூட்டரில் நடந்தது அதுதான். ஃபுட் வால்வு போனதற்குக் கிணற்றை மூடச் சொன்ன கதைதான் அந்த ஃபார்மேட் யோசனை. எல்லா நேரமும் ஃபார்மேட் தப்பு என்று சொல்லவில்லை. டேட்டாவை எடுத்துவிட்டு ஃபார்மேட் போடுவது நல்ல வேலை. எடுக்காமல் போடுவது சோம்பேறித்தனம்.

அவசர பென் டிரைவ் என்பது வெளியிலிருந்து கொண்டுவந்து ஊற்றும் அந்த ரெண்டு குடம் தண்ணீர். அதற்குள்ளேயே ஒரு பூட் லோடரும், விண்டோஸ் மாதிரி ஒரு சின்ன இயங்குதளமும் இருக்கும். டிஸ்கை நம்பாமல் பென் டிரைவிலிருந்தே எழுந்து ராமில் உட்கார்ந்துகொள்ளும். எழுந்தபின் நோயாளி டிஸ்கை வெளியாள் மாதிரி நின்று திறந்து பார்க்கலாம்.

காப்பி போட்டால் பூட் ஆகாது

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். இணையத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைல் ஒன்றை இறக்கி, பென் டிரைவில் காப்பி செய்து, 'பூட் ஆகமாட்டேங்குதே' என்பார்கள். ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு டிஸ்கையே மூட்டையாகக் கட்டி வைத்த ஃபைல். யூஇஎஃப்ஐக்கு மூட்டை பிரிக்கத் தெரியாது. பென் டிரைவில் இஎஃப்ஐ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் பூட் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அந்தப் பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால்தான் எல்லா மதர்போர்டும் உறுதியாகப் படிக்கும். இந்த ஏற்பாட்டை நமக்காகச் செய்து தரத்தான் ரூஃபஸ் மாதிரியான புரோகிராம்கள் இருக்கின்றன.

ஃபேட்32க்கு ஒரு குறை உண்டு. 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் அதில் நிற்காது. இப்போது வரும் விண்டோஸ் ஐஎஸ்ஓக்களுக்குள் அதைவிடப் பெரிய ஃபைல் ஒன்று இருக்கிறது. கையால் பிரித்துப் போட்டவர்களுக்குப் பாதியில் பிழை வருவது அதனால்தான். ரூஃபஸ் இதற்கு மாற்றுவழி செய்துவிடும், நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

என் தலைமுறைக்கு ஃப்ளாப்பி ஞாபகம் இருக்கும். 1.44 எம்பியில் விண்டோஸ் 98 ஸ்டார்ட்அப் டிஸ்க் போட்டு வைத்திருப்போம். சிடியிலிருந்து பூட் செய்யும் முறைக்கு 1995 இல் விதி எழுதினார்கள், அதன் பெயர் எல் டொரிட்டோ. ஒரு மெக்சிகன் உணவகத்தின் பெயர் அது. நாம் அன்னபூர்ணா என்று பெயர் வைத்த மாதிரி.

எதைச் செய்துவைப்பது

மூன்று வகை இருக்கிறது. மூன்றுக்கும் குணம் வேறு வேறு.

முதலாவது, விண்டோஸே செய்து தரும் ரெகவரி டிரைவ். ஸ்டார்ட் மெனுவில் 'ரெகவரி டிரைவ்' என்று தட்டினாலே 'கிரியேட் எ ரெகவரி டிரைவ்' வந்துவிடும். அதில் சிஸ்டம் ஃபைல்களையும் சேர்க்கவா என்று ஒரு டிக் கேட்கும். டிக் போட்டால் 16 ஜிபி பென் டிரைவாவது வேண்டும், 32 ஆக இருந்தால் நிம்மதி. ஒரு மணி நேரத்துக்கு மேலேயும் இழுக்கும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து பாருங்கள். இது அந்தக் கம்ப்யூட்டருக்கென்றே செய்தது, அடுத்த வீட்டு லேப்டாப்புக்கு இதை நம்ப முடியாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இதை வைத்து எழுப்பும்போது வரும் மெனுவில் 'ரெகவர் ஃப்ரம் எ டிரைவ்' என்று ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்தால் நம் ஃபைலை மீட்டுத் தரும் போலத் தோன்றும். மீட்டுத் தருவது விண்டோஸை மட்டும்தான். நம் ஃபைல்கள், நாம் போட்ட புரோகிராம்கள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் அது புதிதாக விண்டோஸ் போடும். பயத்தில் இருக்கிறவர்கள் இதைத்தான் முதலில் அழுத்துகிறார்கள். கடைசிக்கும் கடைசியாகத்தான் அதைத் தொட வேண்டும்.

இரண்டாவது, விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவ். மைக்ரோசாஃப்ட் தளத்தில் மீடியா கிரியேஷன் டூல் இலவசமாகக் கிடைக்கும். 8 ஜிபி பென் டிரைவ் போதும். இது யாருடைய கம்ப்யூட்டருக்கும் ஆகும். உள்ளே போனதும் 'இன்ஸ்டால்' என்பதை அழுத்தாமல் 'ரிப்பேர்' என்று இருப்பதை எடுத்தால், ரெகவரி டிரைவில் வரும் அதே பழுதுபார்க்கும் மெனு வரும். ஒரே ஒரு விண்டோஸ் பென் டிரைவ்தான் வைத்துக்கொள்வேன் என்றால், என் ஓட்டு இதற்குத்தான்.

மூன்றாவது, லினக்ஸ் லைவ் பென் டிரைவ். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளம். லினக்ஸ் மின்ட், உபுண்டு இரண்டில் எதுவானாலும் சரி. பென் டிரைவிலிருந்தே முழு டெஸ்க்டாப்பும் எழுந்து வரும். ஃபைல் மேனேஜர், பிரவுசர், வைஃபை எல்லாம் இருக்கும். டிஸ்கில் எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. நான் பார்த்தவரை ஜனங்களின் கல்யாண ஃபோட்டோவையும் கணக்கையும் காப்பாற்றிக் கொடுத்தது இதுதான். விண்டோஸ் பென் டிரைவுகள் விண்டோஸைச் சரி செய்யத்தான் பார்க்கும். லினக்ஸுக்கு அந்தக் கவலை இல்லை. டிஸ்கில் என்ன இருக்கிறதோ அதைப் பார், எடுத்துக்கொள், அவ்வளவுதான். லினக்ஸ் தெரியாதே என்று தயங்க வேண்டாம். மவுசால் ஃபோல்டரைப் பிடித்து இழுக்கத் தெரிந்தால் போதும்.

மாக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: அதற்குள்ளேயே ரெகவரி இருக்கிறது. ஆப்பிள் சிப் உள்ளதில் பவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் வரும், இன்டெல் உள்ளதில் கமாண்ட் பட்டனோடு ஆர்.

செய்யும் நேரம்

கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே செய்துவிடுங்கள். கெட்ட பிறகு செய்ய இன்னொரு கம்ப்யூட்டரைத் தேடி அலைய வேண்டும். பென் டிரைவ் புதிதாக, பேர் தெரிந்த கம்பெனியினுடையதாக இருக்கட்டும். சந்தையில் 200 ரூபாய்க்கு 1 டிபி என்று விற்பதை வாங்காதீர்கள். 1 டிபி என்று காட்டும், சில ஜிபி எழுதியதும் பின்னால் வருவதெல்லாம் காற்றில் போகும்.

மின்ட் பென் டிரைவ் செய்வதைக் கொஞ்சம் விளக்குகிறேன். மின்ட்டின் தளத்திலிருந்து ஐஎஸ்ஓவை இறக்குங்கள், சுமார் 3 ஜிபி. அப்புறம் ரூஃபஸ். அதை இன்ஸ்டால்கூடச் செய்ய வேண்டாம், டபுள் கிளிக் போட்டால் ஓடும். மேலே 'டிவைஸ்' என்ற இடத்தில் உங்கள் பென் டிரைவ் பெயரும் அளவும் தெரியும். இந்த இடத்தில் மூச்சை இழுத்துவிட்டு இரண்டு தடவை பாருங்கள். பேத்தியின் காதுகுத்து வீடியோ இருக்கும் வேறொரு டிரைவும் செருகியிருந்தால், முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். ஸ்டார்ட் அழுத்தினால் தேர்ந்தெடுத்த டிரைவில் இருப்பது எல்லாம் அழியும், திரும்ப வராது. கீழே 'செலக்ட்' அழுத்தி ஐஎஸ்ஓவைக் காட்டுங்கள். பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில், கடந்த பத்து வருஷத்துக்குள் வாங்கிய கம்ப்யூட்டராக இருந்தால் ஜிபிடி. ரொம்பப் பழசு என்றால் எம்பிஆர். ஸ்டார்ட். சில நிமிஷத்தில் பச்சைப் பட்டை நிறைந்து 'ரெடி' என்று வரும்.

ஒரே பென் டிரைவில் நாலைந்து ஐஎஸ்ஓக்களை வைத்துக்கொள்ள வென்டாய் என்று ஒன்று இருக்கிறது. ஒருமுறை அதைப் பென் டிரைவில் போட்டுவிட்டால், அப்புறம் ஐஎஸ்ஓக்களைச் சும்மா காப்பி போட்டாலே போதும், எழும்போது மெனு காட்டி எது வேண்டும் என்று கேட்கும். மேலே சொன்ன மூட்டையைத் தானே பிரிக்கத் தெரிந்த ஆள் இது. சர்வீஸ் வேலை செய்கிறவர்களுக்கு வரப்பிரசாதம். முதன்முதலில் செய்கிறவர்கள் ரூஃபஸிலேயே ஆரம்பியுங்கள்.

எழுப்பும் நேரம்

பென் டிரைவைச் செருகி சுவிட்சைப் போட்டால் தானாகவே அதிலிருந்து எழும் என்று நினைக்காதீர்கள். சிப்பிடம் உள்ள வரிசையில் டிஸ்க் முதலில் இருக்கும். 'இந்தத் தடவை மட்டும் இதிலிருந்து எழு' என்று சொல்ல பூட் மெனு என்று ஒன்று உண்டு. பவர் பட்டனை அழுத்திய உடனே அதற்குரிய கீயைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவா இரண்டிலும் பெரும்பாலும் எஃப்12. ஹெச்பியில் எஃப்9, அல்லது எஸ்கேப் தட்டினால் மெனு வரும். அசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப், அதன் மதர்போர்டு போட்ட டெஸ்க்டாப்பில் எஃப்8. ஒரு தடவை அழுத்திவிட்டுக் காத்திருந்தால் வராது. கறவைக்கு மடியைத் தட்டுகிற மாதிரி விடாமல் தட்டுங்கள். சில லேப்டாப்பில் எஃப் வரிசை கீகளோடு எஃப்என் என்ற கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் ஒத்திகை பார்க்க இன்னொரு சுலப வழி: ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். வரும் நீல மெனுவில் 'யூஸ் எ டிவைஸ்' என்பதை எடுத்தால் பென் டிரைவைக் காட்டலாம். இந்த ஒத்திகையைச் செய்யாத பென் டிரைவை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவசரத்தில் போட்டுப் பார்த்து, அதுவும் எழாமல் நின்றால், பிறகு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

சரி, மாமாவின் தறிக்கொட்டாய்க்கு வருவோம். மின்ட் எழுந்தது. அதன் பச்சைத் திரையைப் பார்த்ததும், "இது என்னுது இல்லையே" என்றார். இடப்பக்கம் டிஸ்க் தெரிந்தது. திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் வரிசையாக, நேற்று வைத்தது வைத்தபடி. டாலி என்ற கணக்குப் புரோகிராமின் டேட்டா இருந்த ஃபோல்டருக்குள் எண்ணையே பெயராகக் கொண்ட ஃபோல்டர் ஒன்று, அதுதான் மாமாவின் கம்பெனிக் கணக்கு. பிடித்து இழுத்து வேறொரு காலிப் பென் டிரைவில் போட்டேன். பாவுக் கணக்கு எழுதிய எக்செல் ஃபைல்கள், பில் ஃபோல்டர், டெஸ்க்டாப்பில் கிடந்தவை, எல்லாம். அந்த நேரத்தில் தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால் பேசினால் காது கேட்காது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். மாமா உடனே பென் டிரைவை வாங்கிக்கொண்டு ஆடிட்டர் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். டீ வாங்கித் தரக்கூட நிற்கவில்லை.

டிஸ்க் 'படிக்கத்தான் முடியும், எழுத முடியாது' என்று மின்ட் சொல்லும்போது பயப்பட வேண்டாம். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணையாது, பாதித் தூக்கத்தில் கிடக்கும். அந்த நிலையில் டிஸ்கில் எழுதினால் குழம்பிவிடும் என்று லினக்ஸ் தானே ஒதுங்கிக்கொள்ளும். நமக்கு வேண்டியது எடுப்பதுதான், எழுதுவது இல்லை.

எடுத்து முடித்த பிறகுதான் பழுதுபார்த்தேன். இந்த வரிசை முக்கியம். டிஸ்கே சாகிற நிலையில் இருந்தால், டக் டக் என்று சத்தம் வந்தால், ஒரு ஃபைல் திறக்க ஐந்து நிமிஷம் ஆனால், ரிப்பேர் எதையும் ஓட்டாதீர்கள். டிஸ்கைச் சரிபார்க்கும் புரோகிராம்கள் அதை முழுக்கத் தேய்த்துப் படிக்கும். மிச்சம் இருக்கும் உயிரும் அதிலேயே போய்விடும். முக்கியமான ஃபோல்டரை முதலில் எடுங்கள், சினிமாவும் பாட்டும் கடைசியில்.

மாமாவின் டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. விண்டோஸ் பென் டிரைவைப் போட்டு ரிப்பேர் மெனுவுக்குப் போனேன். ஸ்டார்ட்அப் ரிப்பேர் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு 'முடியவில்லை' என்று கையை விரித்தது. அது அப்படித்தான், பாதி நேரம் கை கொடுக்கும். அப்புறம் கமாண்ட் பிராம்ப்ட் என்ற, கட்டளை தட்டும் கறுப்புச் சன்னலைத் திறந்து, பிசிடிபூட் என்ற கட்டளையைக் கொடுத்து, விண்டோஸ் எந்த டிரைவில் இருக்கிறது என்று காட்டினேன். பூட் லோடர் ஃபைல்களைப் புதிதாக அந்தக் குட்டிப் பகுதியில் எழுதிவிடும் கட்டளை அது. பென் டிரைவிலிருந்து எழுந்திருக்கும்போது உங்கள் சி டிரைவ் சி ஆகவே காட்டும் என்று நம்பாதீர்கள். டி என்றும் ஈ என்றும் மாறி நிற்கும். உள்ளே விண்டோஸ் ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டளையைத் தட்டுங்கள். ரீஸ்டார்ட் கொடுத்ததும் நீலக் கட்டங்கள் வந்தன, பாதியில் நின்ற அப்டேட்டும் தானாக முடிந்தது.

லினக்ஸ் கையில் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. அந்தக் கமாண்ட் பிராம்ப்டில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் என்று போய், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால், திறக்கும் அந்தச் சின்ன சன்னலிலேயே வலது கிளிக் போட்டுக் காப்பி, பேஸ்ட் செய்யலாம். பெரிய ஃபோல்டர்களுக்கு மெதுவாகத்தான் போகும். கணக்கு ஃபோல்டர் ஒன்றுக்குப் போதும்.

பூட்டுக்குச் சாவி

மேலே சொன்னது எல்லாம் டிஸ்க் பூட்டாமல் இருந்தால்தான். இப்போது வரும் விண்டோஸ் 11 லேப்டாப்களில் பெரும்பாலும் டிஸ்க் மறையாக்கம் தானாகவே போடப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். லேப்டாப் திருடு போனால் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாது என்பது நல்லதுதான். ஆனால் வெளியிலிருந்து பென் டிரைவ் போட்டு எழுப்பும் நம்மையும் அது திருடனாகத்தான் பார்க்கும். 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அது இல்லையென்றால் எந்தப் பென் டிரைவும் உதவாது, எந்தச் சர்வீஸ் கடையும் உதவாது.

2024 ஜூலை 19 இல் இதை உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு என்னவோ ஒரே ஒரு ஃபைலை அழிப்பதுதான். ஆனால் எழாத கம்ப்யூட்டரில் எதை அழிப்பது? அதற்காக மைக்ரோசாஃப்ட்டே பூட்டபிள் பென் டிரைவ் செய்யும் கருவி ஒன்றை வெளியிட்டது. ஆட்கள் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் அதைச் செருகினார்கள். அங்கேயும் பலருக்கு முட்டுக்கட்டையாக நின்றது இந்த 48 இலக்கம்தான்.

ஆகவே இன்றைக்கே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, ரெகவரி கீ என்ற இடத்தில் அந்த எண் இருக்கிறதா பாருங்கள். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி இருக்கும். பிரிண்ட் எடுத்து, பீரோவில் கிரயப் பத்திரத்தோடு வையுங்கள். லேப்டாப்பிலேயே ஃபைலாகப் போட்டு வைப்பது, வண்டிச் சாவியை டிக்கிக்குள் வைத்துப் பூட்டுவதுதான். எண் கையில் இருந்தால் மின்ட்டிலிருந்தே அதைக் கொடுத்து டிஸ்கைத் திறக்கலாம். இன்னொன்று: பூட் ஆகவில்லை என்று யூஇஎஃப்ஐக்குள் போய் செக்யூர் பூட் என்ற, நம்பகமான பூட் லோடரை மட்டும் எழவிடும் காவலை மாற்றினாலும், அடுத்த தடவை விண்டோஸ் இந்த எண்ணைக் கேட்க வாய்ப்புண்டு. மின்ட், உபுண்டு இரண்டும் செக்யூர் பூட் இருக்கும்போதே எழும், அதனால் அதைத் தொடாமலிருப்பது உத்தமம்.

எழுந்த பிறகும் டிஸ்கே காணோம் என்று சில புது இன்டெல் லேப்டாப்களில் வரும். டிஸ்க் போய்விட்டது என்று அழ வேண்டாம். அதன் ஸ்டோரேஜ் டிரைவர், அதாவது டிஸ்கை அடையாளம் காட்டும் சின்ன புரோகிராம், விண்டோஸ் பென் டிரைவில் இல்லை என்று அர்த்தம். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் ஐஆர்எஸ்டி என்ற டிரைவரை இறக்கி அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்துவிடுங்கள், கேட்கும்போது காட்டலாம்.

இந்தப் பென் டிரைவ்களை ஜெராக்ஸ் கடையில் செருகாதீர்கள், கிடைக்காத வைரஸ் எல்லாம் அங்கே கிடைக்கும். பேக்கப் என்றும் நினைக்காதீர்கள். கம்ப்யூட்டரை எழுப்பத்தான் இது. டிஸ்க் எரிந்துபோனால் உள்ளே இருந்ததை எந்தக் குடம் தண்ணீரும் கொண்டுவராது. கணக்கைத் தனியாக வெளி டிரைவில் ஒரு பிரதி எடுத்தே ஆக வேண்டும்.

பென் டிரைவும் கிடப்பில் கிடந்தால் வருஷக்கணக்கில் மெல்ல மறக்கும், விண்டோஸும் மாறிக்கொண்டே போகும். வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகச் செய்துவிடுவது நல்லது. எங்கள் பக்கம் தேதி நினைவில் வைத்துக்கொள்வது சுலபம். ஆயுத பூஜைக்குத் தறியைத் துடைத்து, பஞ்சு தட்டி, சந்தனம் குங்குமம் வைக்கிற அன்றைக்கு கம்ப்யூட்டரையும் துடைப்போம் இல்லையா, அன்றைக்கே பென் டிரைவையும் புதுப்பித்து, ஒருமுறை எழுப்பிப் பார்த்துவிடலாம். மாமா இப்போது அதைத் தறிக்கொட்டாய் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார். போன பூஜைக்குப் போனபோது அதற்கும் ஒரு பொட்டு இருந்தது. செருகும் பக்கத்தில் வைக்காமல் மூடி மேல் வைத்திருந்தார்.